கடல் தெரியாத கடல் தெருவும் காடாகிப்போன எங்கள் காணிகளும்

ஜிந்துப்பிட்டிக்கு நான் வந்து முப்பது வருடங்கள் ஆகப்போகின்றன. வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் செட்டியார் தெரு. ஆங்கிலத்தில் அதற்கு 'சீ ஸ்ட்ரீட்' என்று பெயர், அதாவது கடல் தெரு. அந்தத் தெருவில் நின்றால் நகைக்கடைகள் தெரியும், கதிரேசன் கோயில்கள் தெரியும், ஆடி வேல் காலத்தில் தேர் தெரியும். கடல் மட்டும் தெரியாது. இரவில் கப்பல் ஊதுவது காதில் விழும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் துறைமுக மதிலைச் சுற்றிக்கொண்டு காலிமுகத்திடல் வரை போக வேண்டும். வடமராட்சி கிழக்கில் வாசற்படியில் இருந்தபடியே கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இங்கு வந்த புதிதில் இது பெரிய மூச்சுமுட்டலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

பழகிப்போன அந்த விடயத்தை மறுபடி யோசிக்க வைத்தது, 2025 ஏப்ரலில் ஊரிலிருந்து வந்த சித்தப்பாவின் தொலைபேசி அழைப்பு.

"தம்பி, வர்த்தமானியில எங்கட பக்கமும் வந்திட்டுதாம். மூண்டு மாசத்துக்குள்ள ஆதாரம் காட்டாட்டி அரசாங்கக் காணியாப் போயிடுமாம். என்னத்தைக் காட்டுறது? உறுதிப் பெட்டியைச் சுனாமி கொண்டு போட்டுது. வைச்சிருந்த மிச்சத்தை 2009இல விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். நீ கோட்டில வேலை செய்தனி, உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

நான் சட்டத்தரணி அல்ல. புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் 22 வருடங்கள் எழுதுவினைஞராக இருந்தேன். காணி வழக்குக் கோப்புகளைச் சுமந்து, பிரதி எடுத்து, சில சமயம் வாசித்தும் பார்த்ததில் கிடைத்த அறிவுதான் என்னுடையது. சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். அவரைப் போலக் கேட்பவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் நிறையப்பேர் இருக்கிறார்கள்.

சித்தப்பாவின் கேள்வி எளிமையானது. "நாங்கள் இருந்த காணி எங்கட எண்டு நாங்கள் ஏன் காட்டவேணும்? தங்கட எண்டு அவையள் காட்டட்டும்." நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. அப்படி வைத்தது 1840இல்.

அந்த ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் ஒரு ஊகத்தை விதித்தது: காடாகவும் தரிசாகவும் ஆளில்லாமலும் பயிரில்லாமலும் கிடக்கும் காணியெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியது என்று கொள்ளப்படும். கோப்பிச் செய்கை மலையேறிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டங்களுக்குக் காணி விற்பதென்றால் முதலில் அது அரசின் காணியாக இருக்க வேண்டும். அப்படி வாங்கியவர்களில் ஆட்சியின் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கண்டிச் சிங்களக் கிராமத்தவன் சில வருடங்களுக்கு ஒருமுறை சேனைப் பயிர் செய்த காடு, இடைப்பட்ட வருடங்களில் 'ஆளில்லாத காணி' ஆனது. சன்னஸ் போன்ற பழைய ஆவணம் இருந்தவர் தப்பினார், இல்லாதவர் இழந்தார். ஆகவே இந்தச் சட்டத்தின் முதல் அடி விழுந்தது எங்கள் மீது அல்ல. மலைநாட்டுச் சிங்கள விவசாயி மீதுதான். இதை எங்கள் ஆட்கள் பலருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

சட்டத்தில் 'ஆளில்லாத' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆள் ஏன் இல்லை என்று அது கேட்பதில்லை. கோப்பிக் காலத்தில் அது சேனைக்காரனின் தரிசு வருடங்களைக் குறித்தது. எங்களுடைய காலத்தில் செல்லடிக்கு ஓடிய வருடங்களையும், முகாமில் இருந்த வருடங்களையும், இந்தியாவிலோ கனடாவிலோ இருக்கும் வருடங்களையும் குறிக்கிறது.

1931இல் 20ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வந்தது. ஒரு பகுதியில் எது அரச காணி, எது தனியார் காணி என்று பிரித்துத் தீர்ப்பதற்கான இயந்திரம் அது. அதன் 4ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் வெளியாகும். உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் கோர வேண்டும். கோரிக்கை வராத காணி அரசுக்குரியதாகத் தீர்க்கப்படலாம். அமைதியான ஊரில், ஆட்கள் வீடுகளில் இருக்கும் காலத்தில், காணிப் பிணக்குகளைத் தீர்க்க இது பயன்படும் வழிதான். அதை நான் மறுக்கவில்லை. தனக்கு உரிமை என்று நினைத்த பலர் இந்த வழியால் தெளிவான உரித்தும் பெற்றிருக்கிறார்கள்.

இந்த 4ஆம் பிரிவின் கீழ்தான் 2025 மார்ச் 28 அன்று 2430ஆம் இலக்க வர்த்தமானி வந்தது. வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர். யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. உரிமையாளர்களில் எத்தனை பேர் நாட்டில் இல்லை, எத்தனை பேர் உயிரோடு இல்லை, எத்தனை பேரின் உறுதிகள் எரிந்தும் நனைந்தும் போயின என்பதெல்லாம் அந்த மூன்று மாதக் கணக்கில் சேரவில்லை. எதிர்ப்பு எழுந்தது. சட்டத்தரணி எம்.ஏ. சுமந்திரன் உயர்நீதிமன்றம் சென்றார். ஜூன் மாத இறுதியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் வர்த்தமானியை மீளப் பெற்றது.

"அப்ப பிரச்சினை முடிஞ்சுதோ?" என்றார் சித்தப்பா. அந்த வர்த்தமானி முடிந்தது. 1931இன் சட்டம் இருக்கிறது, 1840இன் ஊகமும் இருக்கிறது. இன்னொரு 4ஆம் பிரிவு அறிவித்தல் வராது என்று எவரும் எழுதித் தரவில்லை.

இங்கே ஒரு விடயத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடம்பெயர்ந்தவரின் காணியில் இன்னொருவர் பத்து வருடங்கள் இருந்துவிட்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். இதனால் அநியாயம் நடக்கும் என்று உணர்ந்த நாடாளுமன்றம் 2016இல் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தை நிறைவேற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, யுத்த நிலைமையால் தன் காணிக்காக வழக்குப் போட முடியாமற் போனவருக்கு எதிராக அந்தக் காலம் எண்ணப்படாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம். அதாவது, ஆள் இல்லாமல் இருந்ததற்கு யுத்தம் காரணம் என்பதை அரசே சட்டமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அது தனியாருக்கு இடையிலான பிணக்கைப் பற்றியது. காணிக்குள் மனிதர் குடியேறினால் மணிக்கூடு நின்றது. காணிக்குள் மரம் குடியேறினால் மணிக்கூடு ஓடிக்கொண்டே இருந்தது.

சித்தப்பாவின் அடுத்த பிரச்சினை அந்த மரங்கள்தான். வளவுக்குப் பின்னால் மாடு விடும் தரவையில் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். எந்தத் திணைக்களம் என்று இங்கே எழுதவில்லை, விசாரணை நடக்கிறது. அவருக்கும் முதலில் தெரியவில்லை. "பச்சைச் சட்டை போட்டவை" என்றுதான் சொன்னார். நான் அவரிடம் முதலில் கேட்டது, கல்லில் என்ன எழுத்து இருக்கிறது என்பது. ஏனென்றால் எல்லாப் பச்சையும் ஒன்று அல்ல.

காடு இரண்டு திணைக்களங்களின் கையில் இருக்கிறது. வனப் பாதுகாப்புத் திணைக்களம் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. 2009இல் அது பெரிதாகத் திருத்தப்பட்டது. வனஜீவராசிகள் திணைக்களம் 1937இன் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. இந்த இரண்டாவது சட்டத்தில் பல படிகள் உண்டு, எங்களுக்கு முக்கியமானவை மூன்று. கடும் இயற்கை ஒதுக்கிடத்துக்குள் பொதுமக்கள் எவரும் போக முடியாது. தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டு எடுத்துக்கொண்டு, பார்ப்பதற்கும் படிப்பதற்கும் போகலாம். சரணாலயம் இவற்றைவிட இளகியது. அதற்குள் தனியார் காணி இருக்கலாம், குடியிருப்பு இருக்கலாம், ஊர் வழமைபோல நடமாடலாம்.

சரணாலயம் தேசியப் பூங்காவாக மாறும்போது பத்திரிகையில் 'தரமுயர்வு' என்று செய்தி வரும். ஊராருக்கு அது நேர்மாறு. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. என் தகப்பனார் காலத்தில் அந்தப் பக்கம் போவதற்கு யாரிடமும் கேட்டதில்லை. 2015 ஜூன் 22 அன்று அது தேசியப் பூங்காவானது. அதே நாளில் நெடுந்தீவிலும் மடு வீதியிலும் ஆதாம் பாலத்திலும் தேசியப் பூங்காக்கள் பிரகடனப்படுத்தப்பட்டன. ஒரே நாளில் வடக்கில் நான்கு. முல்லைத்தீவின் நந்திக்கடல் 2017 ஜனவரியில் இயற்கை ஒதுக்கிடமானது. 2009 மே மாதத்தில் அந்தத் தண்ணீரைக் கடந்து வந்தவர்கள் இதை வாசிக்கிறீர்கள். உங்களுக்கு அந்தப் பெயரைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. இறால் பிடித்து வாழ்ந்த ஊர்களுக்கு அது வாழ்வாதாரக் கடல், உறவுகளை இழந்தவர்களுக்கு அது வேறொன்று. வர்த்தமானியில் அது எல்லைகளும் ஹெக்டேயரும் மட்டும்.

இந்த விடயத்தில் தமிழர் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் என்று எழுதினால் பொய்யாகும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், யுத்தம் முடிந்து மறிச்சுக்கட்டி, கரடிக்குளி பக்கம் திரும்பியபோது அவர்கள் விட்டுப்போன காணிகள் காடாக நின்றன. 2012இல் அந்தப் பகுதியில் வன ஒதுக்கம் பிரகடனப்படுத்தப்பட்டது. 2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யப் பயணத்தில் இருந்தபோது கையெழுத்திட்டு, அதைச் சூழ்ந்த பெரும் பரப்பைப் பேண்தகு வனமாக்கினார். மொஸ்கோவில் போட்ட கையெழுத்து மன்னாரில் ஒருவரின் வீட்டு வாசலைத் தீர்மானித்தது. மறுபக்கமும் உண்டு. வில்பத்துக்கு வடக்கே மீள்குடியேற்றத்துக்காக வனக் காணி துப்புரவாக்கப்பட்டது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் தன் செலவில் மரம் நட வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்த சூழலியலாளர்களை எதிரிகளாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வன்னிக் காடு அழிந்தால் முதலில் வற்றுவது எங்கள் குளங்கள்தான். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் பிணக்கு இல்லை. காடு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டவர், கோட்டுக்குள் யாருடைய கிணறு இருக்கிறது என்று பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

இனிக் கடல். சித்தப்பா கரைவலைக்காரர். முன்பு ஒவ்வொரு சம்மாட்டிக்கும் ஒரு பாடு இருக்கும். எந்தத் தென்னையிலிருந்து எந்த வாடி வரை யாருடைய வலை இறங்கும் என்பது ஊரறிந்த வழக்கம். இன்றைக்கு அந்தப் பாட்டுக்கு 1996இன் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதே மணலுக்கு 1981இன் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். களப்புகள், ஆறுகள் கடலோடு சேரும் இடங்களில் இந்த எல்லை உள்ளேயும் நீளும். அதற்குள் கட்டடம் போன்ற அபிவிருத்தி வேலைக்கு அனுமதி வேண்டும். ஆனால் மீன்பிடித்தலும் மரம் நடுவதும் பயிர் வைப்பதும் அந்தச் சட்டத்தின்படி அபிவிருத்தி வேலை அல்ல. இதை நினைவில் வையுங்கள். கரையில் தென்னை வைத்தவரை "கரையோரச் சட்டம்" என்று சொல்லி வெருட்டினால், எந்தப் பிரிவு என்று பணிவாகக் கேட்கலாம்.

சட்டப் புத்தகத்தில் இல்லாத கட்டுப்பாடு இன்னொன்று உண்டு. அது காவலரண். இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகும் தீவு கடற்படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2017 மே 1 அன்று இரணைமாதா நகரில் போராட்டம் தொடங்கினார்கள். மனு, கூட்டம், வாக்குறுதி என்று ஏறத்தாழ ஒரு வருடம் போனது. 2018 ஏப்ரல் 23 அன்று பெண்களும் முதியவர்களும் சேர்ந்து படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தாங்களாகவே தீவில் போய் இறங்கினார்கள். மாதா கோயிலில் மன்றாடிவிட்டு, திரும்பமாட்டோம் என்று இருந்துவிட்டார்கள். அடுத்த மாதம் அரசாங்கம் அவர்கள் அங்கே தங்க இணங்கியது. மயிலிட்டித் துறைமுகத்துக்கு 1990இலிருந்து 2017 ஜூலை வரை 27 வருடங்கள் எடுத்தது.

இந்த இடத்தில் நான் மறுபடி ஜிந்துப்பிட்டிக்கு வரவேண்டும். எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் துறைமுகத்தின் கதையும் இதே சட்டங்களின் கதைதான். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புக்கு அடிக்கல் வைத்தார். அதன் பிறகு கடல் மதிலுக்குப் பின்னால் போனது. கொழும்பில் சாதாரண சனத்துக்கு என்று எஞ்சிய கடற்கரை காலிமுகத்திடல். அங்கே 1859 என்று பொறித்த ஒரு கல் இருக்கிறது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய இடமாக இதைக் காக்கும்படி ஆளுநர் ஹென்றி வார்ட் தனக்குப் பின் வருபவர்களிடம் அதில் கேட்டுக்கொள்கிறார். அவர் நினைத்தது எந்தப் பெண்களை என்பது வேறு கதை. ஆனால் ஒரு ஆட்சியாளன், 'இது என்னுடையது அல்ல, அடுத்தவனும் காக்க வேண்டியது' என்று கல்லில் எழுதிய இடம் அது.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் துறைமுக நகரம் தெரியும். 2014இல் சீன ஜனாதிபதி வந்து தொடக்கிவைத்தது. கடலை மண்ணால் நிரப்பி 269 ஹெக்டேயர் புதுத் தரை உண்டாக்கப்பட்டது. 2021இன் 11ஆம் இலக்கச் சட்டம் அதை ஒரு ஆணைக்குழுவின் கீழ் வைத்தது. ஒரு பகுதி 99 வருடக் குத்தகைக்குப் போகிறது. நீர்கொழும்பு மீனவர்கள் மணல் அகழ்வை எதிர்த்துப் பல வருடங்கள் போராடினார்கள். பொதுமக்களின் கடல் ஒரு சட்டத்தால் காணியாகிறது, சித்தப்பாவின் காணி ஒரு சட்டத்தால் காடாகிறது. இரண்டிலும் அரசு தன்னை உரிமையாளன் என்று நினைக்கிறது.

அப்படி நினைக்கக்கூடாது என்று எங்கள் உயர்நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எப்பாவல பொஸ்பேற் படிவை வெளிநாட்டுக் கம்பனியிடம் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து அந்தப் பகுதி விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க, இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பாக வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை ஏற்றார். அரசன் நிலத்தின் காவலனே தவிர உரிமையாளன் அல்லன் என்று மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்குச் சொன்னதாக வரும் பழைய உபதேசமும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. அநுராதபுர மாவட்ட விவசாயிக்காக எழுதப்பட்ட வரி. மருதங்கேணி மீனவனும் அதே வரியை மேற்கோள் காட்டலாம். எங்கள் தரப்பு மனுக்களில் இந்தத் தீர்ப்பு இன்னும் அதிகமாக வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். 'எங்கள் காணி' என்ற வாதத்துக்கு ஆவணம் வேண்டும். 'உங்களிடம் பொறுப்புத் தந்த தரவையும் களப்பும்' என்ற வாதத்துக்கு, அதை நம்பி வாழ்ந்த ஊர் போதும்.

ஆவணம் என்பதற்கும் எங்கள் ஊரில் குறுகிய அர்த்தம். உறுதி இல்லையென்றால் எதுவும் இல்லை என்று கையை விரித்துவிடுகிறார்கள். உறுதியின் மூலம் தொலைந்தாலும், பதிவு செய்யப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வழி உண்டு. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேமிற் கிடைத்தவர்களின் விபரம் பிரதேச செயலகப் பேரேட்டில் இருக்கும். அதற்கு மேல், பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலை அனுமதிப் பதிவு, கோயில் திருமுழுக்குப் பதிவு, கடற்றொழில் சங்கச் சந்தாத் துண்டு, நில அளவையாளர் வரைபடம், வெளிநாட்டுக்கு அனுப்பிய கடித உறையில் உள்ள முகவரி, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். தனித்தனியாக எதுவும் உறுதி ஆகாது. நீதிமன்றத்தில் இவை சேர்ந்து பேசும்போது, ஆள் இருந்தார் என்பது தெரியும். 22 வருடங்களில் நான் பார்த்தது அதுதான்: மெல்லிய கோப்போடு வந்தவர் உண்மையைச் சொன்னாலும் தடுமாறினார்.

இந்தியாவில் 2006இன் வன உரிமைச் சட்டத்துக்கு எழுதப்பட்ட விதிகள் இதில் எங்களைவிட ஒரு படி முன்னே இருக்கின்றன. காட்டில் வாழ்ந்தவர் தன் உரிமையைக் காட்ட, வீடு, வரம்பு, கிணறு, சுடலை, ஊர்ப் பெரியவரின் எழுதிய வாக்குமூலம் ஆகியவையும் சான்றாக எடுக்கப்படும் என்று அந்த விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. நடைமுறையில் அங்கும் ஏராளமான கோரிக்கைகள் நிராகரிக்கப்படுகின்றன. இருந்தாலும் எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருந்தால் வாதாடலாம்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கிணறு இருக்கடா தம்பி" என்றார். தரவைக்குள், கல் நட்ட கோட்டுக்கு அப்பால், என் பேரன் கட்டிய மாட்டுக் கிணறு. சுனாமி மண் மூடி, அதற்கு மேல் பற்றை வளர்ந்திருந்தது. கட்டி முடித்த வருடத்தைச் சீமெந்து காயமுதல் ஆணியால் கீறினார்கள் என்று அப்பா சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். கோட்டுக்கு அப்பால் போய்த் தோண்ட வேண்டாம், முதலில் கிராம சேவகருக்குக் கடிதம் கொடுத்து அவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்று சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து வட்ஸ்அப்பில் படம் வந்தது. கிணற்றுக் கட்டு ஒரு முழம் வெளியே தெரிகிறது. அருகே கிராம சேவகர் குடையோடு நிற்கிறார். சீமெந்தில் 19 என்று தெளிவாக இருக்கிறது, அடுத்த எண் உடைந்துபோயிருக்கிறது, கடைசி எண் 4. ஐம்பத்திநாலா அறுபத்திநாலா என்று சித்தப்பாவுக்கும் மாமிக்கும் இப்போது வாக்குவாதம். நான் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, பின்பக்கம் திகதி எழுதி, கோப்பில் வைத்திருக்கிறேன்.